உடைந்த முனை வளர்ந்த கத்தி

"கத்திக்குக் காயம் ஆறுது மேடம்," என்றார் வந்தவர்.

பெட்டி கட்டி அனுப்பும் தொழிற்கூடம் ஒன்றில் அவர் கிடங்குப் பொறுப்பாளர். ஆள் திடகாத்திரம்தான். ஆனாலும் தானே மேசைமேல் எடுத்து வைத்த அந்தச் சின்ன மடக்குக் கத்தியைப் பார்க்கும்போதெல்லாம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். வெளியே மழை மூட்டம். மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருந்தது.

எதிரே இருந்தவரைத் தெருவே அண்ணி என்றுதான் அழைக்கும். காப்பீட்டு நிறுவனத்தில் நெடுங்காலம் விசாரணை அதிகாரியாக இருந்தவர். எரியாத கடை எரிந்தது என்றவர்களையும் தொலையாத நகை தொலைந்தது என்றவர்களையும் கேட்டுக் கேட்டு, எதற்கும் முகம் மாறாத பக்குவம் அவருக்கு வந்திருந்தது. பக்கத்தில் அவருடைய கொழுந்தன். அந்தப் பக்குவம் அவனுக்கு இந்த ஜென்மத்தில் வராது.

"ஆறுதா? தானாவா?" என்று அதற்குள் பாதி எழுந்துவிட்டான்.

"நீ உக்காரு. நீங்க முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் அண்ணி.

"வேலை செய்யறவங்களுக்கு ஆளுக்கொரு கத்தி குடுக்கலாம்னு எங்க நிர்வாகத்துல பேச்சு வந்துச்சு மேடம். எப்பவும் பையிலயே கிடக்கற மாதிரி, விலை கம்மியா. எங்க மச்சான், அதாவது என் மனைவியோட அண்ணன், இதைக் கொண்டுவந்து குடுத்தார். ஒரு மாசம் நானே வச்சிருந்து வெட்டிப் பாத்துட்டு, தேறுமா தேறாதான்னு சொல்றேன்னேன். அட்டை, கயிறு, பிளாஸ்டிக் பட்டை எல்லாம் வெட்டினேன். சாயங்காலம் பாத்தா கூர் போயிருக்கும், ஓரத்துல துளி பெயர்ந்திருக்கும். காலையில எடுத்தா ஒண்ணுமே இருக்காது. வழவழன்னு புதுசா இருக்கும்."

"யாரோ மாத்தி வைக்கறாங்க," என்றான் கொழுந்தன், வழக்கே முடிந்துவிட்ட திருப்தியோடு.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் தம்பி. அதுக்குத்தான் என் மனைவியோட நகப்பூச்சால ஒரு பொட்டு வச்சேன். இதோ." பையில் செருகிக்கொள்வதற்காகக் கத்தியின் பிடியில் ஒரு கிளிப் இருந்தது. அதன்மேல் சிவப்புப் பொட்டு, ஓரம் லேசாகத் தேய்ந்து. "மறுநாள் பொட்டு அப்படியே இருந்துச்சு. காயம் மட்டும் ஆறியிருந்துச்சு. அப்புறம் ஒருநாள் ஆத்திரத்துல கல்லுல குத்தி முனையையே உடைச்சேன். இந்தக் கையால உடைச்சேன் மேடம். காலையில முனை வளர்ந்திருந்துச்சு."

கொழுந்தன் சத்தமில்லாமல் உட்கார்ந்தான்.

"உடைச்ச அன்னிக்கு வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"மனைவிகிட்ட காட்டினேன். எனக்கு ஒண்ணும் தெரியலையேன்னா. மச்சான் எங்க மாடியிலதான் இருக்கார், அவர்கிட்டயும் காட்டினேன். முழுசாத்தானே இருக்கு மாப்ளேன்னார்." அவர் கத்தியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எங்கப்பா கடைசிக் காலத்துல இல்லாத ஆளுங்களோட பேசிக்கிட்டு இருந்தார். காலி நாற்காலியைக் காட்டி, அவருக்கும் காபி குடுங்கம்பார். எனக்கும் அது ஆரம்பிச்சிருச்சோன்னு பயமா இருக்கு. நாளைக்கு மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க. மச்சான்தான் ஏற்பாடு. அதுக்கு முன்னால எனக்குத் தெரியணும் மேடம். நான் பாத்தது நிஜமா, இல்லையா?"

தன் கண்ணையே நம்ப முடியாமல் போன ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டிருப்பது அண்ணிக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் குரலில் அதைக் காட்டாமல், "பேன்ட் பையை வெளிய இழுங்க," என்றார்.

அவர் திகைத்துப்போய் இழுத்தார். பையின் அடியிலிருந்து நீலப் பஞ்சும் அட்டைத் தூசியும் மேசையில் உதிர்ந்தன. அண்ணி கத்தியை விளக்கடியில் பிடித்து, பிடியின் இடுக்கையும் கிளிப்பின் அடிப்பக்கத்தையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இரண்டுமே சுத்தமாக இருந்தன. அலகை விரித்து மடக்கினார். கீல் இன்னும் இறுக்கமாகவே இருந்தது.

"வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

அந்த வீட்டுக்குள் நுழைந்ததுமே கொழுந்தன் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டான். சமையலறைச் சுவரில் கத்தி, அரிவாள்மணை, கத்தரிக்கோல் எல்லாம் இருந்த இடங்கள் வெறும் ஆணிகளாக நின்றன. எல்லாவற்றையும் எங்கோ ஒளித்து வைத்திருந்தார்கள். குழந்தையை மாடிக்கு மாற்றியிருந்தார்கள். மேலே அது சிணுங்கியது. கிடங்குக்காரர் படிக்கட்டுவரை போய், ஏறாமல் திரும்பி வந்துவிட்டார்.

அவர் மனைவி வாசலுக்கு வந்து, வந்தவர்கள் யாரென்று தெரியக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முகத்துக்குக் கிட்டே வந்தாள். "குழந்தை என் கண்ணாடியை உடைச்சு மாசம் ஆகுதுங்க. இவர் இப்படி இருக்கறப்போ நான் எங்க போய் மாத்தறது?"

மச்சான் மாடியிலிருந்து இறங்கி வந்தார். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வந்ததும் தங்கை கணவரின் தோளைத் தட்டி, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"நீங்க கொண்டுவந்த கத்திதானாமே. எப்பவும் பையில வச்சுக்கத் தேறுமா? நீங்களே சொல்லுங்க," என்று அண்ணி கத்தியை நீட்டினார்.

மச்சான் அதை வாங்கினார். இடுக்கில் இரண்டு தடவை ஊதி, கிளிப்புக்கு அடியில் சட்டை நுனியை விட்டுத் துடைத்து, பிறகுதான் அலகைப் பார்த்தார். "இந்த விலைக்கு இது தங்கம் மேடம்."

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான். "மனைவிதான் அண்ணி! நகப்பூச்சு அவங்களோடது. புதுக் கத்தியில புதுப் பொட்டு வைக்க அவங்களாலதான் முடியும்."

"பொட்டோட ஓரம் தேஞ்சிருக்கு. அது புதுசு இல்ல, அவர் வச்ச அதே பொட்டு," என்று அண்ணி உரக்கவே சொன்னார். "எல்லாரும் உக்காருங்க. கத்தி ஆறவும் இல்ல, வளரவும் இல்ல. தினமும் வேற கத்தி வந்திருக்கு. ஒரு மாசம் விரிச்சு மடக்கின கீல் இவ்வளவு இறுக்கமா இருக்காது."

"அப்ப பொட்டு?" என்றார் கிடங்குக்காரர்.

"பொட்டை நீங்க எங்க வச்சீங்க? கிளிப்புல. கிளிப்பைப் பிடிச்சு வச்சிருக்கறது மூணு பொடித் திருகாணி. அதைக் கழட்டிப் புதுக் கத்தியில மாட்டிட்டா, பொட்டு பழசாவே இருக்கும், அலகு புதுசாயிடும். தலை நட்சத்திரம் மாதிரி குழிஞ்ச திருகாணி இது. வீட்டுத் திருப்புளி இதுல உக்காரவே உக்காராது. ஆனா ஒண்ணுலகூடக் கீறல் இல்ல. சரியான கருவியும் பழகின கையும் இருக்கற ஆள் கழட்டியிருக்கார்."

மேலே குழந்தையின் சிணுங்கல் நின்றுபோயிருந்தது. யாரும் மச்சானைப் பார்க்கவில்லை. அவரும் யாரையும் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு. ஒரு மாசமா அந்தப் பஞ்சுலயும் தூசியிலயும் கிடந்த கிளிப்புக்கு அடியில அழுக்கு அப்பியிருக்கணும். துளி இல்ல. கழட்டினவர் துடைச்சு மாட்டியிருக்கார். தொழில் பழக்கம், கை சும்மா இருக்காது. இப்ப நான் குடுத்தப்பவும் நீங்க அதையேதான் செஞ்சீங்க."

"துடைக்கறது ஒரு குத்தமா மேடம்?" என்றார் மச்சான்.

"இல்ல. கண்ணாடி இல்லாத உங்க தங்கச்சி 'எனக்குத் தெரியல'ன்னாங்க. அது உண்மை. நீங்க 'முழுசா இருக்கு'ன்னீங்க. செல்போனுக்குள்ள இருக்கற கடுகளவு திருகாணியைத் தேடி எடுக்கற கண்ணுக்கு, உடைஞ்ச முனை தெரியாம போச்சா?"

 மச்சானிடமிருந்து எல்லாம் மடமடவென்று வந்தது. தொழிற்கூடத்துக்கு விற்கலாம் என்று கத்திகளை முன்கூட்டியே பெட்டி பெட்டியாக வாங்கிக் கடைப் பரணில் அடுக்கிவிட்டார். முதல் வாரமே கூர் போனதைப் பார்த்தார். மாப்பிள்ளை காலையில் குளிக்கும் நேரம் கீழே வந்து மாற்றி வைக்க ஆரம்பித்தார். "தேறிட்டா போதும்னுதான் செஞ்சேன். மாப்ளே இப்படிப் பயப்படுவார்னு நெனக்கல. அப்புறம் எப்படி நிறுத்தறதுன்னு தெரியல."

"அவர் விடிய விடியத் தன் கையையே பாத்துக்கிட்டு அழுதாரேண்ணா," என்றாள் தங்கை.  "நீ பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் குடுத்தியே. நான் என் குழந்தையை அவர் கையில குடுக்காம மேல தூக்கிட்டு வந்தப்போ, நீதானே கதவைத் திறந்துவிட்ட?"

 

கிடங்குக்காரர் கத்தவில்லை, கையை ஓங்கவும் இல்லை. எழுந்து போய் மச்சானுக்கு நேர் எதிரே நின்றார்.

"உடைஞ்சிருந்துச்சா?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க மச்சான். அன்னிக்கு நான் காட்டினப்போ அந்த முனை உடைஞ்சிருந்துச்சா, இல்லையா?"

"உடைஞ்சிருந்துச்சு மாப்ளே."

கிடங்குக்காரர் படிக்கட்டில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார்.