பாகம் பிரிக்கட்டுங்களா?

போன் அடித்தது.

மலைமேல் செம்மேட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தேன்மொழி, கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பாய்ந்து எடுத்தாள். முரளி காணாமல் போன நாளிலிருந்து எந்த போன் அடித்தாலும் இதே பாய்ச்சல்தான்.

எதிர்முனையில் எஸ்.ஐ. மேனகா.

"தேனு... முரளி கேஸை மூடறோம்."

"கிடைச்சுட்டாருங்களா மேடம்?"

"பெங்களூர்ல இருக்கானாம். கம்ப்யூட்டர் வேலை கிடைச்சிருச்சு, தேடாதீங்கன்னு அண்ணனுக்கு மெயில் போட்டிருக்கான். புகார் குடுத்த அண்ணனே வந்து வாபஸ் வாங்கிட்டுப் போயிட்டார்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலீங்களே..."

"சில ஆம்பளைங்க அப்படித்தான். மறந்துட்டு வேலையைப் பாரு."

முரளிக்கும் அவளுக்கும் நடுவே இருந்தது மேனகாவைத் தவிர மலையில் ஒருவருக்கும் தெரியாது. தை பிறந்ததும் பெண் கேட்டு வருகிறேன் என்று சொன்னவன்...

இப்போது பெங்களூராம்!

தேன்மொழிக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. ஏமாற்றியவன் என்றால் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். அந்த மட்டில் போதும் என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

கண்ணைத் துடைப்பதற்குள் வாசலில் ஆள்.

முரளியின் அண்ணன் பூபதி! அரியூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் வெள்ளாமை. கக்கத்தில் முரளியின் லேப்டாப். மூடியில் ஒரு மயில் ஸ்டிக்கர். தேன்மொழியே ஒட்டிவிட்டது.

"தம்பி விட்டுட்டுப் போயிட்டான் கண்ணு. புள்ள படிக்கக் கேக்குது. உள்ளே இருக்கறதைச் சுத்தமா அழிச்சுட்டு, சும்மா கிடைக்குதுங்கறாங்களே, அந்த சிஸ்டத்தை ஏத்திக் குடு."

"லினக்ஸுங்களா?"

"அதேதான். பழசு ஒரு துளி மிஞ்சக் கூடாது."

கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவன் லேப்டாப்பை விட்டுவிட்டா போவான்?

உறுத்தியது. இருந்தாலும் லினக்ஸ் ஏற்றும் பென்டிரைவைச் செருகினாள். பழைய ஃபைல்களை எடுத்து வைக்க, ஒரு காலி ஹார்ட் டிஸ்க்கையும் ஒயரில் மாட்டினாள்.

"எடுத்து வைக்க ஒண்ணும் இல்லையே."

"கடை வழக்கமுங்க."

திரையில் கேள்வி வந்து நின்றது. தேன்மொழி திரும்பாமலே கேட்டாள்.

"ஏனுங்க... பார்ட்டிஷன் எப்படிங்க? பாகம் பிரிக்கட்டுங்களா?"

நாற்காலி கிறீச்சிட்டது. பூபதி எழுந்து நின்றிருந்தார்.

"பார்ட்டிஷனா? எவன் சொன்னான் உனக்கு? வக்கீலா?"

"இல்லீங்க, இந்த ஹார்ட் டிஸ்க்கைச் சொல்றேன். ரெண்டு பாகமாப் பிரிப்போம். ஒண்ணு சிஸ்டத்துக்கு. இன்னொண்ணுக்கு 'ஹோம்'னு பேரு... ஊடு மாதிரி. நம்ம சாமானெல்லாம் அதுல இருக்கும்."

"ஊடும் பிரிக்க வேண்டாம், காடும் பிரிக்க வேண்டாம். பாகம் பாகம்னு அவன் அரிச்சது போதாதா? இனிப் பங்கு கேக்க யாரு இருக்கா? நான் ஒத்தை வாரிசு. முழுசா ஒரே பாகமா என் பேர்ல போடு."

ஒத்தை வாரிசு...

தம்பி பெங்களூரில் இருந்தால் அண்ணன் எப்படி ஒத்தை வாரிசு ஆவான்?

நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணலுக்குத் தான் கத்தியதே தெரியவில்லை. சாவகாசமாக உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டது.

முரளி பெங்களூரில் இல்லை. எங்குமே இல்லை. பாவி, ஏமாற்றிவிட்டே போயிருக்கக் கூடாதா... எவளையாவது கட்டிக்கொண்டு எங்காவது நன்றாக இருந்திருக்கக் கூடாதா...

அலறினால் இவன் லேப்டாப்போடு ஓடிவிடுவான். பல்லைக் கடித்தாள். எந்த டிஸ்க் என்று திரை கேட்டது. மவுஸை ஒரு வரி கீழே இறக்கினாள்.

"ஒரே பாகமாவே போடறேனுங்க. அழிக்கிற பொத்தானை நீங்களே அமுத்திடுங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது பாருங்க."

பூபதி ஆசையாக அமுத்தினார். திரையில் நீலக் கோடு நகர ஆரம்பித்தது.

"இனி எந்தக் கொம்பன் வந்தாலும் எடுக்க முடியாதுல்ல?"

"முடியாதுங்க. போனது... போனதுதான்."

சொல்லும்போதே குரல் உடைந்தது.

"சளியா கண்ணு? மிளகு ரசம் வெச்சுக் குடி. நம்ம காட்டு மிளகு குடுத்தனுப்பறேன்."

தேன்மொழி போனை எடுத்தாள்.

"மேனகா மேடமுங்களா? உங்க பிரிண்டர் ரெடிங்க. இப்பவே வந்து எடுத்துக்குங்க."

"நான் எங்கே பிரிண்டர் குடுத்தேன்?" மேனகா ஒரு கணம் நிறுத்தினாள். "...சரி, வாரேன்."

நீலக் கோடு முழுதாக ஓடி முடித்து, திரையில் 'பூபதி' என்று பெயர் வந்தபோது ஜீப் வந்து நின்றது.

"பிரிண்டர் எங்கே தேனு?"

தேன்மொழி லேப்டாப்பை நிறுத்தினாள். பென்டிரைவைப் பிடுங்கினாள். ஒயரையும் பிடுங்கினாள்.

"மேடம், இவர் அழிச்சது என்னோட காலி டிஸ்க்கை. புது சிஸ்டம் அதுலதான் ஏறியிருக்கு. லேப்டாப்புக்குள்ள ஒரு எழுத்துகூட அழியலை."

மறுபடி ஆன் செய்தாள்.

திரையில் வாசலூர்பட்டி ஏரி. ஒரு படகு. படகில் முரளி சிரித்துக்கொண்டிருந்தான். அவள் எடுத்த படம்.

மேனகா மெயிலைத் திறந்தாள். பெங்களூர் மெயில் இதே லேப்டாப்பிலிருந்துதான் போயிருந்தது; தேதி, முரளி காணாமல் போனதற்கு மறுநாள். அதற்கும் முன்னால் அதே சேதி எழுதி எழுதிப் பாதியில் விட்ட அரைகுறைகள் வேறு.

"அன்னிக்கு இந்த லேப்டாப் எங்கே இருந்துச்சு பூபதி?"

"...எங்க ஊட்லதானுங்க."

"மெயில் மட்டும் பெங்களூர்லேர்ந்து வந்துச்சா?"

பூபதி வாசலைப் பார்த்தார். வாசலில் கான்ஸ்டபிள்.

"தம்பி எங்கேய்யா?"

"காட்டை ரெண்டாப் பிரிச்சா யாருக்குமே பத்தாதுங்க மேடம்..."

"தம்பி எங்கே?"

"எருக்குழிக்குள்ள..."

தேன்மொழி தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெரிந்ததுதான். ஆனாலும் ஒருவேளை... ஒருவேளை... என்று மனசின் ஒரு மூலையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் சுத்தமாக அழிந்துபோனது. கொன்றவன் பிடிபட்டதில் அவளுக்குத் துளி சந்தோஷம் இல்லை. படகில் இருந்தவன் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

மேனகா அவள் தோளை ஒரு முறை அழுத்தினாள். பிறகு பூபதியின் கையில் விலங்கை மாட்டினாள்.

"மேடம்... என் காடு... என் ஊடு..."

"கவலையை விடுங்க பூபதி. உள்ளே தனி ரூமாவே கேட்டு வாங்கித் தாரேன். முழுசா ஒரே பாகம். பங்காளித் தொல்லையே கிடையாது."