குவாரிப் பக்கத்துச் சிக்னல்

சிக்னல் தப்பான பக்கத்திலிருந்து வந்தது.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நட்ட இரும்புக் குழாயில் ஒரு வெள்ளை ஆன்டெனாத் தகட்டை மாட்டி, அதன் வயரைக் கீழே வீட்டுக்குள் இறக்கிவிட்டு, ஆன்டெனாக்காரர் அதை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருடைய போனில் ஒரு மீட்டர், அதில் ஒரு முள். டவர் இருந்த கிழக்குப் பக்கம் வந்தபோது முள் சோம்பலாகப் பாதிவரை எழுந்தது. தெற்கே போனதும் படுத்துவிட்டது. வீட்டின் பின்புறம், கைவிடப்பட்ட கல்குவாரி இருந்த மேற்குப் பக்கம் தகடு திரும்பியதும், விருட்டென்று எழுந்து கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

"அங்க என்ன சார் இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பெரிய குழி. மழைத் தண்ணி நிக்குது."

ஆன்டெனாக்காரர் போனை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். "டவர் இல்லாத பக்கத்துல இவ்வளவு சிக்னலா? பாறையில பட்டுத் திரும்பி வருதோ என்னமோ. இது ஒரு பக்கம் மட்டுந்தான் கேக்கும் சார், எங்க வீட்டுக்காரி மாதிரி. எதுக்கும் டவர் பக்கமே வெச்சு முறுக்கிடறேன்."

அப்போது கீழே படுக்கையறை ஜன்னலிலிருந்து சுண்டு கத்தினாள். "அப்பா! வட்டம் சுத்தறது நின்னுடுச்சு! எல்லாம் வருது!"

அவன் மேற்கே பார்த்தான். புதர், அதற்கப்பால் உடைந்த பாறை விளிம்பு, அதற்கப்பால் வானம்.

"அந்தப் பக்கமே வைங்க," என்றான்.

ஆன்டெனாக்காரர் தோளைக் குலுக்கினார். "உங்க வீடு, உங்க இஷ்டம்." நட்டை முறுக்கி, ஸ்பானரையும் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. மனை போட்டுப் பாதிகூட விற்காத அந்த இடத்தில் நாலைந்து வீடுகள்தான். இந்த நாலு வீட்டுக்காக எவன் குழி தோண்டி வயர் இழுப்பான் என்று கேபிள்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். ஜன்னலோரம் ஒரு சிம் ரவுட்டர், அதில் வருகிறேன் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் இன்டர்நெட். அவனுடைய மனைவியோ தொலைதூர நகரத்து ஆஸ்பத்திரியில், எலும்பு மஜ்ஜை மாற்றிய உடம்போடு, தூசுகூட நுழையக் கூடாத ஒரு தனி அறைக்குள் கிடந்தாள். அவளைப் பார்க்க ஒரே வாசல் சாயங்காலம் ஏழு மணி வீடியோ கால்தான். அதிலும் அவள் முகம் கட்டம் கட்டமாக உடையும். வாய் அசைந்து முடித்த பிறகு குரல் வரும். போன வாரம், "சுண்டு, அம்மா உன்னை..." என்ற இடத்தில் படம் உறைந்தது, மீளவே இல்லை. பாதி திறந்த அந்த வாயை விரலால் தொட்டுக்கொண்டே குழந்தை வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் அவன் ஆன்டெனாவுக்குச் சொல்லிவிட்டான்.

தகடு மாட்டிய அன்று சாயங்காலம் அழைப்பு மணி ஒரு முறைகூட முழுதாக அடிக்கவில்லை. அதற்குள் லேப்டாப் திரையில் அவள் வந்துவிட்டாள்.

மாதக்கணக்கில் மங்கலாகவே பார்த்துப் பழகிய முகம், கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருப்பது போலத் துல்லியமாக இருந்தது. கன்னம் தேறியிருந்தது. தலையில் சுற்றியிருந்த துணியின் இழைகூடத் தெரிந்தது. சுண்டு கைகொட்டிச் சிரித்தாள். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இருவரும் பேசுவதைப் பார்த்தபடி, கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் இருந்தான். வெகுநேரம் கழித்துத்தான் அவன் காது ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பது அவனுக்கே புரிந்தது. வழக்கமாக அவள் குரலுக்குப் பின்னால் கேட்கும் மெஷினின் பீப் சத்தம், தள்ளுவண்டிச் சக்கரம், நர்ஸ்களின் பேச்சு எதுவும் இல்லை. சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுவது போல ஏதோ ஒன்று மட்டும், எங்கோ ஆழத்தில்.

அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏங்க, சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. குழந்தையைக் கண்ட சந்தோஷம், இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

அடுத்த நாள் அவன் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, சுண்டு லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்தாள்.

"அம்மாவுக்கு வீட்டைக் காட்டறேன்பா. எல்லாத்தையும் பாக்கணுமாம்."

வீட்டு ஞாபகம் வந்துவிட்டது போல என்று நினைத்தான். நெஞ்சு இளகியது. குளியலறைக் கதவைக் காட்டு, பின்பக்க ஜன்னலைக் காட்டு, கட்டிலுக்கு அடியில் காட்டு என்று அந்தக் குரல் ஒவ்வொன்றாகக் கேட்டது. அவள் வைத்துவிட்டுப் போன வீடுதானே, புதிதாக என்ன பார்க்கிறாள் என்று ஒரு கணம் உறுத்தியது. குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டான். தண்ணீர்ச் சத்தத்தில் அந்த உறுத்தல் அமுங்கிப்போனது.

மூன்றாம் நாள் அவன் சுண்டுவைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, கேமராவுக்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோனான்.

"இப்ப இல்ல," என்றாள் அவள்.

"காய்ச்சல் இருக்..." அவன் பாதியில் நின்றான். கேள்வி இன்னும் அவன் வாயில்தான் இருந்தது; பதில் முந்திக்கொண்டிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக, திறந்திருந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படுக்கப் போகும்போது அறையில் ஈரப் பாறையின் வாசனை வீசியது. ஜன்னலைச் சாத்தினான். அப்போதும் போகவில்லை.

மறுநாள் சாயங்காலம், மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், சுழலும் கல்லில் ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர். கல்லை நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு எடுத்தான். வார்டு நர்ஸ்.

"என்ன சார் நீங்க? ஆன்டெனா வெக்கறேன், இனிமே நல்லா தெரியும்னு அவங்ககிட்ட சொன்னீங்களாமே. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட கூப்பிடலையே? அவங்க தினம் சாயங்காலம் டேப்லெட்டை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நாங்க கூப்பிட்டாலும் லைன் போகல."

"கூப்பிட்டேனே சிஸ்டர். தினமும் பேசினோமே. குழந்தை பேசினாளே."

அந்தப் பக்கம் மெஷினின் பீப் கேட்டது. தள்ளுவண்டிச் சக்கரம் கேட்டது.

"யார்கிட்ட சார் பேசினீங்க?"

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான்.

"சரி, அதை விடுங்க. நெஞ்சுல சளி கட்டி மூச்சு திணறுது அவங்களுக்கு. நாளைக்குக் காலையில தொண்டையில குழாய் வெக்கறாங்க. அப்புறம் பேச முடியாது. எப்ப எடுப்பாங்கன்னும் சொல்ல முடியாது. இப்ப மருந்துல தூங்கறாங்க. ஏழு மணிக்கு நானே கூப்பிடறேன். குழந்தையை உக்கார வெச்சிடுங்க சார், தயவு செஞ்சு."

பஸ் ஊர்ந்தது. தூறல் பிடித்துக்கொண்டது. இறங்கி ஓடினான். பள்ளிக்கூடம் விட்டதும் சுண்டுவை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா, குடையோடு எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"சுண்டு எங்கக்கா?"

"உங்க வீட்லதான் தம்பி. அவ அம்மா கூப்பிட்டாளே."

"என்னது?"

"உள்ள இருந்து குரல் கேட்டுச்சு. சுண்டு, வாடான்னு. நீ வந்து அந்த வீடியோவைப் போட்டுட்டேன்னு நினைச்சேன். குழந்தையும் குதிச்சுக்கிட்டு ஓடிட்டா. ஏன் தம்பி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

அவன் நிற்கவில்லை.

கூடம் இருட்டாக இருந்தது. படுக்கையறைக்குள் நீல வெளிச்சம். சுண்டு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். திரையில் யாரும் இல்லை. வெறும் சாம்பல் நிறச் சுவர், அதில் வழியும் ஈரம். அது சுவர் இல்லை. பாறை.

லேப்டாப்பை அறைந்து மூடினான். ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினான். பச்சை விளக்கு அணைந்தது.

"ஏம்பா!" சுண்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அம்மா எங்கடா போனா?"

"வர்றேன்னு சொல்லிட்டுப் போனா."

குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அவள் தலைமுடியில் அந்த வாசனை. ஈரப் பாறை. விளக்கை எல்லாம் போட்டான். குளியலறை, அடுப்படி, கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குள், எங்கும் யாரும் இல்லை. மணி ஏழாகப் போகிறது. அங்கே ஒருத்தி மூச்சுக்குத் திணறிக்கொண்டு, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். நாளைக்கு அவளுக்குக் குரல் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சொந்தப் போனில் அந்த இடத்தில் ஒரு கோடுகூட நிற்காது. வயர் வழியாக வந்தது வயரோடு போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தகட்டைத் திருப்பினால் போதும். டவர் பக்கம். அவ்வளவுதான்.

பிளக்கை மறுபடி செருகினான். லேப்டாப்பைத் திறந்து வைத்தான்.

"சுண்டு, இங்கயே உக்காந்திரு. மணி அடிச்சா பச்சைப் பட்டனை அமுக்கு. அப்பா மேல ஆன்டெனாவைத் திருப்பிட்டு ஓடி வந்துடறேன். சரியா?"

"மழை பெய்யுதேப்பா."

"அதான் உன்னைக் கூட்டிட்டுப் போகல. நகராத, என்ன?"

வெளிப்புற இரும்பு ஏணி வழுக்கியது. மேலே போய் நட்டைத் தளர்த்தி, ஆன்டெனாக்காரர் அவன் போனிலும் போட்டுக் கொடுத்திருந்த மீட்டரைத் திறந்தான். தகடு இன்னும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. முள் அடியில் கிடந்தது. அசைவே இல்லை. குவாரியில் இப்போது எதுவும் இல்லை.

போய்விட்டது. வாய்விட்டுச் சிரித்தான். அழுகை போலத்தான் வந்தது.

தகட்டைத் திருப்பும்போது ஈரக் கை நழுவியது. தகடு தலைகுப்புறச் சரிந்து தரையைப் பார்த்தது. போன் அதிர்ந்தது. முள் கடைசிக் கோட்டில்.

அவன் அதையே பார்த்தான். தகட்டை நிமிர்த்தினான். முள் விழுந்தது. மறுபடி கவிழ்த்தான். எழுந்தது.

மழை பெய்தால் இப்படித்தான் இருக்கும். இரும்புக் கம்பி, சிமென்ட், ஏதாவது பட்டுத் திரும்பி வரும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கிழக்கே திருப்பினான். முள் சோம்பலாகப் பாதிவரை எழுந்தது. நட்டை முறுக்க முறுக்கவே, வீட்டு வைஃபையைப் பிடித்திருந்த போன் அடித்தது. கீழேயும் அடிப்பது சாத்திய ஜன்னலைத் தாண்டி லேசாகக் கேட்டது. கீழே நின்றது. சுண்டு எடுத்துவிட்டாள். அவனும் எடுத்தான்.

திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் சுண்டு. இன்னொன்றில் உடைந்த, மங்கிய, கட்டம் கட்டமாகச் சிதறிய ஒரு முகம். ஒட்டிய கன்னம். மூக்கில் குழாய். வாய் அசைந்தது. குரல் வரவில்லை. பிறகு வந்தது.

"ஏங்க..."

அவன் தொட்டியின் மேல் நெற்றியை வைத்து அழுதான். இவள்தான். இந்த மோசமான படம்தான். "இருக்கேன்டி. இங்கதான் இருக்கேன்."

பீப். பீப். இடைவெளி.

"எங்க இருக்கீங்க?"

"மாடியில. ஆன்டெனாகிட்ட."

படம் உறைந்தது. சுண்டுவின் கட்டமும் உறைந்தது. மழை தகட்டில் தாளம் போட்டது. பிறகு, வெகுதூரத்திலிருந்து, அவள் மூச்சு. அவள் குரல்.

"அப்ப சுண்டு பின்னாடி... கதவுகிட்ட... யாருங்க அது?"

அவன் பார்த்தான். கட்டிலில் சுண்டு. அவளுக்குப் பின்னால் அறைக் கதவு. கதவு நிலையில் ஒரு கை. கை மட்டும்.

படம் மாறியது. கதவருகே யாரும் இல்லை. கட்டிலுக்குப் பின்னால் ஒரு புடவையின் ஓரம். சொட்டும் ஈரம்.

"சுண்டு!" கத்தினான். "சுண்டு, வெளிய ஓடி வா!"

குரல் அவனிடமிருந்து கிளம்பி, டவருக்குப் போய், எங்கெங்கோ சுற்றி, கீழே போய்ச் சேர வேண்டும். ஜன்னலை அவனே சாத்தியிருந்தான்.

படம் மாறியது. சுண்டுவின் தோளில் விரல்கள். குழந்தையின் கன்னத்தோடு ஒட்டி ஒரு கன்னம். தேறிய கன்னம். அவளுடைய முகம். துல்லியமாக. சுற்றிலும் எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருக்க, அந்த முகம் மட்டும் உடையவே இல்லை.

பக்கத்துக் கட்டத்தில் மனைவியின் வாய் திறந்திருந்தது. சத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

படம் மாறியது.

இருவரும் இப்போது கேமராவைப் பார்க்கவில்லை. சுண்டுவும் அதுவும். ஒரே மாதிரி மோவாயை உயர்த்தி. ஒரே மாதிரி புன்னகையோடு. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூரையில், அவன் நிற்கிற இடத்தை.

ஏணி நாலடி தள்ளி இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், ஒரு காலை எடுத்து வைத்தான்.

படம் மாறியது. இரண்டு முகங்களும் அந்தக் கால் போன பக்கம் திரும்பியிருந்தன.