ஆறாத டிஸ்க்

கார் பத்து நாளாக ஷெட்டை விட்டு நகரவில்லை. நகரவும் வழியில்லை, நாலு சக்கரங்களையும் கழற்றிச் சுவரோரம் அடுக்கிவிட்டு, வண்டியை நாலு இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் தூக்கி நிறுத்தியிருந்தான் அவன். அப்படியிருக்க, காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் பின்பக்க பிரேக் டிஸ்க்கைச் சும்மா தொட்டுப் பார்த்தவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். சுட்டது. இப்போதுதான் அணைத்த இஸ்திரிப் பெட்டியின் சூடு.

வெயில் என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. ஷெட்டில் ஜன்னல் கிடையாது. முன்பக்க டிஸ்க்குகள் இரண்டும் கிணற்றுத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தன. பின்னால் இருந்த இரண்டு மட்டும் சுட்டன. விரலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான், பிறகு பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினான்.

அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவன். மயிரிழை பிசகினாலும் ஒருவர் தலைவலியோடு திரும்பி வருவார் என்று தெரிந்த தொழில். அந்தக் கணக்கான கைதான் எட்டு வருடம் ஆசைப்பட்டு, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கியது. வண்டி போவதில் குறையே சொல்ல முடியாது. நிற்பதில்தான் வம்பு. போன மாதம் மலையிறக்கத்தில், பக்கத்தில் மனைவி இருக்க, பிரேக் மிதி பஞ்சாக உள்ளே போய்விட்டது; முன்னால் நின்ற லாரிக்கு ஒரு சாண் இருக்கும்போதுதான் வண்டி நின்றது.

"வேகமாப் போறது என்னங்க பெருசு, நிக்கணும். இனிமே நான் இதுல ஏற மாட்டேன்" என்றாள், வீடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது.

"நிக்க வைக்கிறேன். நீயா வந்து உட்கார்ற மாதிரி நிக்க வைக்கிறேன், பாரு."

அதைச் சொன்ன வாய்க்காகத்தான் இத்தனை பாடும். பிரேக் பேட், அது கவ்விப் பிடிக்கிற டிஸ்க் என்று இறங்கினால் அது தனி உலகம். செராமிக் பேட் சத்தம் போடாது, உலோகத்தூள் கலந்த பேட் முரடு, ஆனால் பிடிக்கும். துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, கோடு கீறிய டிஸ்க் தூசியைத் தள்ளும், இரண்டும் வேண்டாம், மொட்டை டிஸ்க்தான் உசத்தி என்று சத்தியம் செய்பவர்களும் இருந்தார்கள். பத்துப் பேரைக் கேட்டால் பதினோரு யோசனை. ஊரெல்லாம் வாத்தியார், படிக்கத்தான் ஆள் இல்லை என்று எரிச்சலோடு போனை மூடி வைத்தான். கடைசியில் செராமிக் பேட்டும் கோடு கீறிய டிஸ்க்கும் வாங்கி, நாலு பக்கமும் மாட்டினான். டிஸ்க் ஆடாமலிருக்க ஒவ்வொன்றிலும் இரண்டு நட்டு முடுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரத்தை மறுநாள் மாட்டலாம் என்று படுத்தான். மறுநாள் அளவுகோலை வைத்துப் பார்த்தால், பன்னிரண்டு மில்லிமீட்டர் இருந்த பின்பக்க பேட் ஏழாக நின்றது.

பார்ட்ஸ் கடைக்காரருக்கு அந்தப் பக்கத்தில் 'நிதானம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் "நிதானமா பார்ப்போம்" என்றுதான் ஆரம்பிப்பார். தேய்ந்த பேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தம்பி, நடக்காமலே செருப்பு தேயுதுன்னு சொல்ற."

"அளந்து பார்த்துட்டுத்தாண்ணே சொல்றேன்."

சரக்குக் கோளாறு என்று அவர் வேறு தந்தார். உலோகத்தூள் பேட், துளை போட்ட டிஸ்க். மூன்றாம் நாள் அந்தத் துளைகளிலிருந்து மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன, உலோகத்தில் நீலம் பாய்ந்திருந்தது. மணிக்கணக்காக மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்தே வந்த வண்டிக்குத்தான் அந்த நீலம் வரும். இந்த முறை நிதானம் சிரிக்கவில்லை. டிஸ்க்கைக் கவுண்டரின்மேல் வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, பிரேக்குன்னா எதையாவது பிடிச்சு நிறுத்தணும். இது எதைப் பிடிச்சு நிறுத்துது?"

"அது தெரிஞ்சா நான் ஏண்ணே உங்க கடை வாசல்ல நிக்கிறேன்!" என்று எரிந்து விழுந்தான். "எவ்வளவு சூட்டையும் தாங்குற பேட் எது, அதைக் கொடுங்க."

"அது ரேஸ் பேட். சூட்டுல மன்னன்தான். ஆனா ஆறியிருக்கும்போது மரக்கட்டை, பிடிக்கவே பிடிக்காது. நல்லாத் தேய்ச்சுச் சூடேறினாத்தான் வேலை செய்யும். வீட்டு வண்டிக்கு வேணாம், நிதானமா யோசி."

நிதானமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. அதையும் தடித்த மொட்டை டிஸ்க்கையும் வாங்கிக்கொண்டு வந்தான்; மாட்ட நேரமில்லாமல், வெடித்த டிஸ்க்கையே அப்போதைக்குத் திரும்பப் போட்டு வைத்தான்.

பத்தாம் நாளான அன்று காலை விரல் சுட்டபோதுதான் அவனுக்கு ஒன்று பொறி தட்டியது. பின்பக்கம் மட்டும் ஏன்? ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்பக்கத்தை மட்டும்தானே! கேபிள் இறுகியிருக்கிறது, வேறொன்றுமில்லை. சுற்றாத டிஸ்க்கில் கேபிள் இறுகினால் எப்படிச் சூடேறும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலோடு மல்லுக்கட்ட அவனுக்குத் தெம்பில்லை. சாயங்காலம் வந்ததும் ரேஸ் பேட்டையும் தடித்த மொட்டை டிஸ்க்கையும் மாட்டி, ஹேண்ட் பிரேக் கேபிளைக் கொக்கியிலிருந்து கழற்றித் தரையில் போட்டான். பத்து நாளில் முதல்முறையாக நெஞ்சு லேசானது.

ஷெட்டின் முன்சுவரோரம்தான் வாஷிங் மெஷின். காரின் மூக்குக்கும் அதற்கும் நடுவே ஒரு முழ இடம். மனைவி அதில் ஒருக்களித்து நுழைந்து துணிகளைப் போட்டு மெஷினை ஓடவிட்டாள்.

"பேசாம இந்தக் காரையே கட்டியிருக்கலாம் நீங்க."

"ரெண்டு நாள் இந்தப் பக்கம் வராம இருந்தாத்தான் என்ன? மனுஷன் இங்க எதுக்கு உயிரை விடுறான்னு நினைச்சே?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். யாருக்காக இதெல்லாம் என்று அவளை நிறுத்திச் சொல்லியிருக்கலாம். இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது ஒரே சீராகக் கொட்ட, மெஷின் தன்பாட்டுக்கு உருண்டுகொண்டிருக்க, புது இரும்பின் எண்ணெய் வாடையும் ஈரத்துணி வாடையும் ஒன்றாகக் கலந்து நிற்க, அவன் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். பேட் மாற்றினால் பிரேக்கைப் பத்துத் தடவையாவது மிதித்துவிட வேண்டும், அப்போதுதான் பேட் டிஸ்க்கோடு போய் ஒட்டும். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு மிதித்தான். முதலில் பொதபொதவென்று போன மிதி ஏழாவது மிதியில் கெட்டிப்பட்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். சர்... சர்... என்று, யாரோ காலை இழுத்து நடப்பதுபோல.

முதலில் மெஷின் என்றுதான் நினைத்தான். பிறகு திறந்த கதவு வழியே குனிந்து பார்த்தான். பின்பக்க டிஸ்க் மட்டுமல்ல, முன்பக்க டிஸ்க்கும் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் முடுக்கிய இரண்டு நட்டும் மேலே வந்து, கீழே போய், மறுபடி மேலே வந்தன. அவசரமில்லாத சுற்று. சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது. இன்ஜின் செத்துக் கிடக்கிறது. நட்டு மேலே வந்தது, கீழே போனது.

பிரேக்கை மிதித்தான். மிதி கல்லாக நின்றது. டிஸ்க் நிற்கவில்லை. காலை ஒரு நொடி எடுத்தான்; சுற்றின் வேகம் இரட்டித்து, நட்டுகள் தெரியாமல் போயின. பதறிப்போய் மறுபடி மிதித்தான். வேகம் கூடாமல் நின்றது, அவ்வளவுதான். மரக்கட்டை. ஆறியிருக்கும்போது மரக்கட்டை.

இத்தனை நாளும் இதைப் பிடித்து வைத்திருந்தது ஹேண்ட் பிரேக். ராப்பகலாக, தேய்ந்து, நீலம் பாய்ந்து, வெடித்து, அது ஒன்றுதான் பிடித்து வைத்திருந்தது. கையை நீட்டி இழுத்தான். கனமே இல்லாமல் மேலே வந்தது. கேபிள் தரையில் கிடந்தது.

ஷெட்டின் சின்னக் கதவு திறந்தது. வாளியோடு அவள்.

"வராதே! உள்ள போ!"

மெஷின் அப்போதுதான் துணி பிழியத் தொடங்கியிருந்தது. அது தடதடக்க, மேலே மழை இரைய, அவன் குரல் அந்த இரைச்சலுக்குள்ளேயே செத்தது. அவள் ஒருக்களித்து நுழைந்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெஷின் பக்கம் குனிந்தாள்.

கிரீச்.

ஸ்டாண்டு. இரும்பு சிமெண்டில் உரசுகிற சத்தம். வண்டி ஒரு விரற்கடை முன்னால் போயிருந்தது.

இறங்கி ஓடவா? காலை எடுத்தால் பாயும். சூடேறினால் பிடிக்கும், சூடேறினால் பிடிக்கும். இரண்டு கால்களையும் மிதியின்மேல் ஊன்றி, முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து மிதித்தான். கிரீச். இன்னொரு விரற்கடை. பம்பர் முழங்காலில் பட்டதும் அவள் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். சாயங்காலச் சண்டைக்குச் சமாதானமாக ஏதோ விளையாட்டுக் காட்டுகிறான் என்று நினைத்தாள் போல. சிரித்தாள். இரண்டு கைகளையும் பானெட்டின்மேல் ஊன்றி, தள்ளுங்க பார்க்கலாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"நகரு! ஐயோ, நகருடி!"

கருகல் வாடை வந்தது. பேட் சூடேறும் வாடை. வந்துவிட்டது! மிதிக்குக் கீழே முதல்முறையாக ஒரு பிடிப்பு. பிடித்தது. இறுகியது. கதவு வழியே குனிந்து பார்த்தான். டிஸ்க் மெதுவாகி, ஒரு தரம் குலுங்கி, நின்றது. நட்டு மேலேயே நின்றுவிட்டது. பின்னால் சத்தமில்லை. நாலும் நின்றுவிட்டன. அசையாமல், புகைந்துகொண்டு.

தாங்க முடியாமல் அழுகையும் சிரிப்புமாக நிமிர்ந்தான்.

கிரீச்.

அவள் இப்போது சிரிக்கவில்லை. முதுகு மெஷினைத் தொட்டிருந்தது. பானெட்டின்மேல் ஊன்றிய கைகளில் நரம்பு புடைத்திருந்தது.

"என்னங்க... நிறுத்துங்க."

அவன் கால்கள் மிதியை அடிவரை அழுத்தியிருந்தன. டிஸ்க் ஒன்றுகூடச் சுற்றவில்லை. வண்டி வந்துகொண்டிருந்தது.