ஒரே பக்கம்

வெங்காயத் தோலில் ஏதோ சரியில்லை.

டீச்சர் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தாள். பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் போயாகிவிட்டது. திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லைக் காட்ட வேண்டும். பிள்ளைகள் முன்னால் அசடு வழியக் கூடாது என்று ஒருமுறை தானே பார்த்துவைத்துக்கொள்வது அவள் வழக்கம். ஆய்வகத்தில் ஸ்பிரிட் நெடியும் ஊறிப்போன மரமேஜையின் வாடையும் கலந்து கிடந்தன. மழைக்கு முந்தைய வெளிச்சம் ஜன்னல் வழியே பழுப்பாக வந்து குடுவைகளின் மேல் படிந்திருந்தது. சரியாக மூடாத குழாய் ஒன்று தொட்டியில் சொட்டிக்கொண்டே இருந்தது.

செல்கள் செங்கல் அடுக்கியதுபோல வரிசையாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிச் சுவர், உள்ளே கூழ், அதில் சாயம் ஏறிச் சிவந்த ஒரு பொட்டு. அதுதான் உட்கரு; செல்லுக்கு எசமான். அது இருக்கும்வரைதான் செல் தின்னும், வளரும், இரண்டாகப் பிரியும். வெங்காயத்தில் அது நடுவில் இருக்காது. சாறு நிறைந்த பை ஒன்று நடு இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை ஓரங்கட்டிவிடும். ஆனால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கமாக அல்லவா ஓரங்கட்டும்? இன்று அத்தனை பொட்டும் ஒரே பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஸ்லைடைப் பாதி வட்டம் திருப்பிவைத்தாள். பொட்டுகள் எதிர்ப்பக்கம் வந்தன. அப்படித்தானே வர வேண்டும். எழுந்துபோய்க் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்து பார்த்தாள்.

பழைய பக்கத்துக்கே போயிருந்தன.

வீட்டுக்காரருக்கு போன் போட்டு வெங்காயத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று லீவு போட்டுவிட்டுக் குழந்தையோடு வீட்டில் இருந்தார்.

“வெங்காயத்த நறுக்கினாத்தான் கண்ணு கலங்கும். நீ பார்த்தே கலங்குறியே?” என்று சிரித்தார்.

“விளையாடாதீங்க. எல்லாம் ஒரே பக்கமா போகுதுங்க. திருப்பி வச்சாலும் அங்கயேதான் போகுது.”

“மேஜை சாஞ்சிருக்கும். கிளம்பி வாம்மா, மழை வருது. வாண்டு வேற வந்ததுலேர்ந்து சுவத்தப் பாத்தே உக்காந்திருக்கா. எவளோடயோ சண்டை போல.”

போனை வைத்ததும் டீச்சர் ஒரு பல்குச்சியால் தன் கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி இன்னொரு ஸ்லைடில் தேய்த்தாள். நீலச் சாயம் ஒரு சொட்டு. கன்னத்துச் செல்லில் உட்கரு நடுவில்தான் இருக்கும், பொரித்த முட்டையின் மஞ்சள் கருபோல. சாயம் பட்டபின் அது செத்த செல். செத்தது நகராது.

குனிந்து பார்த்தாள். நீலப் பொட்டுகள் அத்தனையும் ஓரத்தில் இருந்தன. லென்ஸில் இடம் வலமாகத் தெரியும் என்பதைக் கழித்துக் கணக்குப் பார்த்தாள். கிழக்கு.

கிழக்கே அப்படி என்ன இருக்கிறது? மைதானம், மதில், சாலை, அதற்கப்பால் வீடுகள். ஒன்றும் இல்லை. நுண்ணோக்கியையும் ஸ்லைடுகளையும் சாயப் புட்டியையும் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

பஸ்ஸில் ஒரு பக்கம் மட்டும் நெரிசல். மறுபக்கத்து இருக்கைகள் காலியாகக் கிடக்க, நின்றவர்கள் எல்லாரும் வலது ஜன்னல்களை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். “உக்காருங்களேன்யா, இடம் கிடக்கே!” என்று நடத்துநர் கத்தினார், கத்தியவரும் வலது பக்கக் கம்பியில்தான் சாய்ந்து நின்றார். பெரிய சந்திப்பில் பஸ் திரும்பியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பேச்சுக் குறைந்தது. செருப்புகள் தரையில் தேயும் சத்தத்தோடு கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கக் கண்ணாடியை நோக்கி நகர்ந்தது. டீச்சருடைய கால்களும் நகர்ந்தன. கம்பியை அவள் இறுகப் பிடித்திருந்தாள். விரல்கள் தாமாகவே ஒவ்வொன்றாக விட்டன.

நாலாவது மாடியில் அவர்கள் வீடு. கூடத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி வாண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். நெற்றி சுவரில் பதிந்திருந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் வேறு வீடு கிடையாது, வெறும் காற்றுதான்.

“வாண்டு, இங்க வாடி.”

“வரேம்மா” என்றாள். வரவில்லை.

வீட்டுக்காரர் கருவிப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்த காற்றுக்குமிழ் இரண்டு கோடுகளுக்கும் நட்ட நடுவில் நின்றது. அடுக்களையில் வைத்தார். மேஜைமேல் வைத்தார். நடுவில்தான் நின்றது.

“தரை சாயலம்மா” என்றார். குரலில் இப்போது சிரிப்பு இல்லை. “அப்ப நாம ஏன் சாயறோம்?”

அப்போதுதான் அவள் கவனித்தாள். தரையில் மண்டியிட்டிருந்தவரின் உடம்பு காற்றில் வளைந்த மரம்போலச் சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து “ஆ காட்டு” என்றாள். வாண்டு சுவரிலிருந்து நெற்றியை எடுக்காமலே வாயைத் திறந்தாள். பல்குச்சியால் கொஞ்சமாகச் சுரண்டி ஸ்லைடில் தேய்த்து, சாயம் விட்டு நுண்ணோக்கியில் பொருத்தினாள். செல்கள் உருண்டையாக இல்லை. உட்கரு அழுத்துகிற இடத்தில் ஒவ்வொன்றின் சவ்வும், வாய்க்குள்ளிருந்து நாக்கால் கன்னத்தை முட்டுவதுபோல வெளியே புடைத்திருந்தது. சில கிழிந்திருந்தன. கிழிந்தவற்றின் பொட்டுகள் வெளியேறிக் ஸ்லைடின் ஓரத்தில் வரிசையாக ஒட்டிக் கிடந்தன. பின்னால், எசமான் போன வீடுகளாகத் தொய்ந்த வெறும் தோல்கள்.

“என்னம்மா தெரியுது? சொல்லேன்” என்றார் வீட்டுக்காரர்.

குழந்தையின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. வீட்டுக்காரரும் வந்து பிடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஆட்டோ பிடிக்கலாம், தூக்கு தூக்கு என்று சொல்லிக்கொண்டே இழுத்தார்கள். மூச்சு வாங்கியது. வியர்த்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் டீச்சருக்கு உறைத்தது.

அவர்கள் இழுக்கவில்லை. தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“விடுங்க! அவள விடுங்க!”

“விட முடியலம்மா. கை கேக்க மாட்டேங்குது.”

“அம்மா, வலிக்குது” என்றாள் வாண்டு.

“தெரியுதுடி கண்ணு. அம்மா எடுத்துடறேன். இதோ.”

கைகளை எடு என்று மனம் கத்தியது. கைகள் எடுக்கவில்லை. அவளுக்குள் கோடி கோடிப் பொட்டுகள், ஒன்றுகூட அவள் பேச்சைக் கேட்காமல், ஒரே பக்கம். கன்னம் சுவரில் போய் ஒட்டியது. சுண்ணாம்பு வாசனை. சுவர் சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. லேசாக உள்வாங்கியது.

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் ஓட்ட முடிந்தது. தெருவைப் பார்த்த ஜன்னல் தெரிந்தது. மழை தொடங்கியிருந்தது. எதிரே இருந்த அடுக்குமாடியில் விளக்குகள் எரிந்தன. மாடிமாடியாக, வரிசைவரிசையாக ஜன்னல்கள். ஒவ்வொரு அறையின் நடுவும் காலி. நாற்காலிகள், கட்டில்கள், எரிகிற டி.வி. ஒவ்வொரு அறையிலும் கிழக்கு ஓரத்தில் மட்டும் கருப்பாக ஒரு கொத்து. தோளோடு தோள். நெற்றிகள் சுவரில்.

யாரும் கத்தவில்லை.

மேல் மாடியில், அந்தக் கட்டடத்தின் கிழக்குச் சுவர் மெல்ல, ஓசையே இல்லாமல், வெளிப்பக்கமாகப் புடைக்க ஆரம்பித்தது.