கலெக்டர் மோப்பம் பிடித்த இடது கால்

வடசென்னைக் கடற்கரையில் நோய் தீண்டாத மனிதர் ஒருவர் வாழ்ந்து வருகிறார். எண்ணூர் முதல் ராயபுரம் வரை இதை அறியாதவர் யாரும் இல்லை.

இப்படிச் சொன்னவர் நீலமேகம். நோய் தீண்டாத அந்த மனிதரும் அவர்தான்.

நீலமேகம் காசிமேட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுபவர். வீடு திருவொற்றியூர் கடலோரத்தில், ஒரு குப்பத்தில். அந்தக் குப்பத்து நலச் சங்கத்துக்கும் அவரே தலைவர். தனக்குக் காய்ச்சல் வந்ததில்லை, தான் மாத்திரை விழுங்கியதில்லை என்று வாரத்துக்கு மூன்று முறையாவது சொல்வார். போன வருஷம் ஒரு வாரம் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தது என்னவாம் என்று அவர் மனைவி செங்கொடி கேட்டால், அது ஓய்வு என்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். பெயர் மங்கை. ஆறாம் வகுப்பு.

வீட்டில் நாலாவது ஆள் ஒரு நாய். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொரு காது மடிந்திருக்கும். குட்டியாக வலைகளுக்கு நடுவே கிடந்ததை மங்கைதான் தூக்கி வந்தாள். பெயர் வைத்தது மட்டும் நீலமேகம். 'கலெக்டர்' என்று வைத்தார். போனில் யாராவது அதிக நேரம் பேசினால், "கொஞ்சம் இரு, கலெக்டர் வாசல்ல வந்து நிக்கிறாரு" என்று சொல்லி வைத்துவிடுவார். அது பொய்யும் இல்லை.

சங்கம் மருத்துவ முகாம் நடத்துவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு கலெக்டருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது.

நீலமேகம் துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் அது ஓடிப் போய் அவருடைய இடது கால் பூட்சில் மூக்கை வைத்து அழுத்தும். பூட்சைக் கழற்றினால் இடது பாதத்தில் அழுத்தும். அவர் சாப்பிட உட்கார்ந்தால் இடது காலை நக்க வரும். அதட்டினால் நகரும். பத்து எண்ணுவதற்குள் திரும்பி வரும். வலது காலை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குப்பத்தில் யாரும் இதைப் பற்றி யோசிக்கவில்லை. மீன் வாடை என்றார்கள். தினமும் மீன் ரத்தத்திலும் ஐஸ் தண்ணீரிலும் நிற்கிற மனிதரின் காலை மோந்து பார்க்காமல், நாய் பூக்கடைக்காரர் காலையா மோந்து பார்க்கும்?

நீலமேகமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், சங்கக் கூட்டம் நடக்கும் வரையில்.

கூட்டத்தில் அவர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சங்கம் நடத்தப்போகும் இலவச மருத்துவ முகாமுக்கு எல்லாரும் ஒழுங்காக வர வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும் என்றார். அந்த நேரம் பார்த்துக் கலெக்டர் மேடைக்கு வந்தது. அவருடைய இடது கால் செருப்பைப் பல்லால் கவ்வி இழுத்துப் போட்டுவிட்டு, பாதத்தை நக்கியது. தலைவரைப் பார்த்து இருநூறு பேர் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எண்ணூரில் அவருடைய தோஸ்து அசோகன் ஒரு லாரி ஷெட் வைத்திருக்கிறார். முகாம் முடிந்ததும் அசோகன் மினி லாரியில் வந்து நாயை அங்கே கொண்டுபோய்விடுவார்.

"அது இன்னா தப்பு பண்ணுச்சி நைனா?" என்றாள் மங்கை.

"மருவாதி தெரியாத நாயி. லாரிங்க நடுவுல நாலு நாள் கெடந்தா தெரிஞ்சிக்கும்."

அன்று வியாழக்கிழமை. மங்கைக்கு இருந்தது மூன்று நாள்.

அவள் அழவில்லை. அழுதால் நைனா ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தருவார், நாயைத் தர மாட்டார். மீன் வாடைதான் காரணம் என்றால் வாடையைப் போக்கிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டாள். அன்று ராத்திரியே பூட்ஸ் இரண்டையும் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தாள். எலுமிச்சம்பழத் தோலால் உள்ளே துடைத்தாள். செருப்புகளுக்கும் அதே மரியாதை நடந்தது. வெள்ளிக்கிழமை நீலமேகம் எலுமிச்சை மணக்க வேலைக்குப் போனார். துறைமுகத்தில் எல்லாரும் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்களாம்.

அவர் திரும்பி வந்து பூட்சைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கால் கழுவினார். கலெக்டர் ஓடி வந்து இடது பாதத்தில் மூக்கை வைத்தது.

மங்கை அடுத்ததைச் செய்தாள். நைனா பேப்பர் படிக்கும்போது அவருடைய வலது காலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வஞ்சிர மீன் தலையை வைத்தாள். வஞ்சிரத் தலைக்காகப் பூனையிடம் அறை வாங்கிய நாய் கலெக்டர். அது தட்டைப் பார்த்தது. நாக்கில் எச்சில் ஊறியது. பிறகு தட்டைச் சுற்றிக்கொண்டு போய் இடது பாதத்தை மோந்து, மெல்ல முனகியது.

அப்போதுதான் மங்கைக்குப் பயம் வந்தது. மீன் வாடைக்கு வருகிற நாய் மீனை விட்டுவிட்டுப் போகாது.

"நைனா, அந்தக் காலு வலிக்குதா?"

"வலியா?" நீலமேகம் பேப்பரை மடித்தார். "இருவது வருசம் ஐஸ்ல நின்ன காலு கண்ணு. இதுக்கு வலின்னா இன்னான்னே தெரியாது. வோணும்னா கிள்ளிப் பாரு."

மங்கை கிள்ளினாள். பிறகு நகம் பதியக் கிள்ளினாள். நைனா மகிழ்ச்சியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைமுகத்தில் இது ஒரு பெருமை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஐஸ் தண்ணீரில் நின்று குளிருது, குத்துது என்று குதிப்பார்கள். மரத்துப்போன காலை வைத்துத்தான் ஒருவருடைய அனுபவத்தை மதிப்பார்கள். டீக்கடையில் மூத்தவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்து, யாருக்குத் தெரியவில்லை என்று பார்ப்பார்கள். கடைசியாக ஜெயித்தது நீலமேகம்.

பாதத்தின் அடியைக் காட்டச் சொன்னாள் மங்கை. சங்கத் தலைவர் யாருக்கும் காலைத் தூக்கிக் காட்டமாட்டார் என்று பதில் வந்தது. சொல்லிவிட்டு அவர் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். சாப்பிட்ட பிறகு அது மூன்றாவது சொம்பு. மங்கை அதையும் எண்ணிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை அவள் நர்ஸ் ஷம்ஷாத்தின் வீட்டுக்குப் போனாள். ஷம்ஷாத் இரண்டு தெரு தள்ளி இருப்பவர். மறுநாள் முகாமில் ரத்தம் எடுத்துப் பார்க்கப்போவதும் அவர்தான். மங்கை எலுமிச்சம்பழம், வஞ்சிரத் தலை, கிள்ளல், மூன்று சொம்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ஷம்ஷாத் சிரிக்கவில்லை. உடம்பில் புண்ணோ சர்க்கரையோ இருந்தால் வாடை மாறும், நம் மூக்குக்குத் தெரியாது, சில நாய்களுக்குத் தெரியும் என்றார்.

"ஆனா நாய் சொல்லிச்சின்னு நான் ரிஜிஸ்டர்ல எழுத முடியாதும்மா. ஆளக் கூட்டிகினு வா."

ஆள் வருவதுதான் கஷ்டம். மங்கை சொல்லி, செங்கொடி அன்று மாலையே அவரிடம் கேட்டுப் பார்த்தார். முகாமைத் திறந்து வைக்கிறவர் வரிசையில் நின்றால் முகாமுக்கு என்ன மதிப்பு என்றார் நீலமேகம்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் போட்டிருந்தது. பந்தலைவிட பேனர் பெரியது. அதில் நீலமேகம் போனில் பேசிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே, 'நோயற்ற தலைவர் அழைக்கிறார்' என்று இருந்தது. மேடையில் நிஜ நீலமேகம் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூவில் உட்கார்ந்திருந்தார். ஒதுக்குப்புறமாக அசோகனின் மினி லாரி நின்றது. அதன் சக்கரத்தில் கலெக்டரைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

கூட்டம் வந்தது. நாற்காலிகளில் உட்கார்ந்தது. பிஸ்கட் சாப்பிட்டது. ஆனால் ஊசி இருந்த மேசைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. நீ போ, நான் பின்னாலேயே வரேன் என்று ஒவ்வொருவரும் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் இரண்டு முறை வாட்சைப் பார்த்தார். போட்டோ எடுக்க வந்த ஜெரி காலி நாற்காலியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

மங்கை மேடைக்குப் போய் நைனாவின் காதில் பேசினாள்.

"எல்லாம் ஊசிக்குப் பயந்துகினு கீது நைனா. நீ மொத ஆளா உக்காந்தா மொத்தக் குப்பமும் பின்னால வரும்."

"தலைவன் வரிசையில நிக்கிறதா?"

"வரிசையே இல்லியே. நீதான் மொதல். ஜெரி அண்ணன் போட்டோ எடுக்கும்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. நீ மட்டும்."

நீலமேகம் காலரைச் சரி செய்துகொண்டு எழுந்தார்.

அவர் மேசை முன் உட்கார்ந்து விரலை நீட்டினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஷம்ஷாத் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னக் கருவியில் வைத்து, திரையைப் பார்த்தார்.

"முந்நூத்தி எண்பது."

"முந்நூத்தி எம்பது ஒரு தரம்," என்றார் நீலமேகம். எண் காதில் விழுந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கூட்டத்திலிருந்து ஒரு மீன் வியாபாரி முந்நூத்தி தொண்ணூறு என்று கேட்டார். கைதட்டினார்கள்.

ஷம்ஷாத் மட்டும் கைதட்டவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் இது இருநூறைத் தாண்டக் கூடாது என்றார். ஷூவைக் கழற்றச் சொன்னார். நீலமேகம் முணுமுணுத்துக்கொண்டு வலது கால் ஷூவைக் கழற்றினார்.

"இடது காலுண்ணே," என்றார் ஷம்ஷாத்.

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கலெக்டர் கயிற்றை உருவிக்கொண்டு வந்துவிட்டது. நேராக இடது ஷூவில் மூக்கை வைத்தது. கூட்டம் மறுபடியும் சிரித்தது. மங்கை கீழே உட்கார்ந்து நைனாவின் ஷூவையும் சாக்ஸையும் தானே கழற்றி, காலைத் தூக்கிப் பிடித்தாள்.

சிரிப்பு நின்றது.

சுண்டுவிரலுக்குக் கீழே, பாதத்தின் அடியில், சோடா மூடி அளவுக்கு ஒரு புண். அதன் நடுவில் நண்டு ஓட்டின் துண்டு ஒன்று பதிந்திருந்தது.

நீலமேகம் அதை முதல்முறையாகப் பார்த்தார். "எனுக்கு வலிக்கவே இல்லியே," என்றார். அந்தக் குரல் மேடையில் பேசுகிற குரல் அல்ல.

அதுதான் நோய் என்றார் டாக்டர். ரத்தத்தில் சர்க்கரை பல வருஷமாக ஏறிக்கிடந்தால் காலில் உணர்வு செத்துப்போகும். அதற்கு ஐஸ் மேல் பழி போட்டுவிட்டு இவர்கள் டீக்கடையில் போட்டி வைத்திருக்கிறார்கள்.

நீலமேகம் மகளைப் பார்த்தார். "கண்ணு, காலு பூடுமா?"

அவள் டாக்டரைப் பார்த்தாள். இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் போகாது என்றார் டாக்டர். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் தன்னால் அப்படிச் சொல்ல முடியாது என்றார்.

நாயை ஏற்றிப் போக வந்த மினி லாரியில் நீலமேகம் ஏறினார். செங்கொடி ஏறினார். மங்கை ஏறினாள். யாரும் கூப்பிடாமலே கலெக்டரும் ஏறியது. அசோகன் வண்டியை எண்ணூர்ப் பக்கம் விடாமல் ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். அவர்கள் போனதும் குப்பத்து ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக மேசை முன் வந்து விரலை நீட்டினார்கள். மாலை வரை வரிசை இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து நீலமேகம் இரண்டு காலோடு வீடு திரும்பினார். எண்ணூரைப் பற்றிய பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

வேறு பேச்சு எடுத்தார்கள். கலெக்டருக்கு ஆரம்பத்திலிருந்தே பயிற்சி கொடுத்தது தான்தான் என்று நீலமேகம் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். அந்தச் செய்தி பரவி, கொருக்குப்பேட்டையிலிருந்தும் எம்.கே.பி. நகரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கலெக்டரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அதன் முன்னால் காலை நீட்டினார்கள். ஒருவருடைய சட்டைப் பையை அது விடாமல் மோந்தது. அவர் முகம் வெளுத்து, நெஞ்சு நோய் என்று அங்கேயே சாய்ந்தார். மங்கை பையில் கை விட்டு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு விதி போட்டாள். முதலில் ஷம்ஷாத் சிஸ்டரிடம் ரத்தம் பார்த்துச் சீட்டு வாங்கி வர வேண்டும். சீட்டு இருந்தால்தான் கலெக்டர் மோந்து பார்க்கும். சீட்டு வாங்கியவர்களுக்கு நாய் தேவைப்படவில்லை. நாற்காலி காலியானது.

நீலமேகம் இப்போதெல்லாம் வாரத்துக்கு மூன்று முறை தன்னுடைய சர்க்கரை அளவைச் சொல்கிறார். பரிசோதனை செய்துகொள்ளாத ஒரு ஜீவன்கூடக் குப்பத்தில் இருக்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார். எல்லாரையும் பார்த்து முடித்த பிறகு, பாக்கி ஒரு ஜீவன் இருப்பது மங்கைக்கு ஞாபகம் வந்தது. நைனாவும் அவளுமாகக் கலெக்டரைக் குளிப்பாட்டி, கழுத்தில் ரிப்பன் கட்டி, கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். ஊரார் நோயையெல்லாம் கண்டுபிடித்த நாய் என்று நீலமேகம் அங்கிருந்த டாக்டரிடம் பதினைந்து நிமிடம் விளக்கினார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நாயைப் பரிசோதித்தார்.

கலெக்டருக்கு வயிறு நிறையப் பூச்சி இருந்தது.