ஏரியில் இறக்கிய கட்டில்

தம்பியின் கார் வாசலில் வந்து நின்றபோது அக்கா கவிழ்த்துப் போட்ட படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தாள். அம்மா செத்த பிறகு அவன் வருவது இதுதான் முதல் தடவை. அம்மா படுக்கையில் கிடந்த வருஷங்களில் வந்ததையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். வந்தால் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அம்மாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பான். பிறகு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவான். அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்து நினைத்தே அவன் அடுத்து வரும்வரை அம்மா காலத்தை ஓட்டிவிடுவாள்.

ஏரிக்கரையில் வீடு. மீன் பிடிக்க வருகிறவர்களுக்குப் படகு வாடகைக்கு விடுவதுதான் அக்காவின் பிழைப்பு. தண்ணீர் வற்றும் பருவத்தில் கிளைகளை வெட்டி, கட்டாகக் கட்டி, சிமெண்ட் கல்லைத் தொங்கவிட்டு ஏரிக்குள் இறக்குவாள். புதர் போடுவது என்று அதற்குப் பெயர். மொட்டைத் தரையில் மீன் தங்காது. ஒளிந்துகொள்ள ஒரு புதர் கிடைத்தால் குஞ்சுகள் வரும், குஞ்சுகளைத் தின்னப் பெரியவை வரும், பின்னாலேயே தூண்டில்காரர்கள் வருவார்கள்.

உள்ளே போன தம்பி போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"இன்னும் அந்தக் கட்டில வச்சிருக்கியா? ரூம் பூரா தைல வாடை."

"யாரும் எடுத்துக்க மாட்டேங்கிறாங்க. செத்தவங்க கட்டிலாம்."

"அப்ப ஏரியில இறக்கிடு. நல்ல கனமான மரம். கவுத்துப் போட்டு நாலு கால்லயும் கிளையக் கட்டினா மீனுக்கு பங்களாதான்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, மறுக்கவும் தோன்றவில்லை. அம்மா கட்டிலில் படுத்தாள் என்றால் அதன் காலடியில் பாயில் படுத்தவள் அவள். வாய் குழறிப்போன பிறகு அம்மா ஒரு கரண்டியால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். டக், டக். தண்ணீர் வேண்டும், புரட்டிப் போடு, துணி நனைந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் அதே தட்டல். அக்கா ஓடி வந்து நின்றால் அம்மாவின் பார்வை அவளைத் தாண்டி வாசலுக்குப் போகும். குழறலிலும் ஒரு சொல் மட்டும் பிசிறில்லாமல் வரும். கண்ணு. தம்பியின் செல்லப் பெயர் அது.

அன்று சாயங்காலமே இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டிக் கட்டிலைக் கொண்டுபோனார்கள். தள்ளியதும் அது முங்கிவிடவில்லை. தண்ணீரில் தயங்கி நின்றது. பிறகு யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல ஒரு பக்கம் அழுந்தி, கிளைகள் சரசரக்க உள்ளே போனது. வெகுநேரம் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் உடையும்போது தைல வாடை அடித்தது.

தம்பி அடையாளத்துக்கு ஒரு வெள்ளை கேனைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டான். மறுநாள் ஊருக்குப் போய்விட்டான்.

மற்ற புதர்களில் பாசி பிடித்து மீன் சேர்ந்த பிறகும் அந்த இடம் வெறிச்சோடிக் கிடந்தது. வாடிக்கையாக வரும் தொப்பிக்காரர் அங்கே மெனக்கெட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"பேருக்குக்கூட ஒரு மீன் இல்லம்மா. ஆஸ்பத்திரி வார்டுல உக்காந்த மாதிரி இருக்கு."

மழைக்கு முன் தம்பி மறுபடி வந்தான். விடிந்தும் விடியாத நேரம். அக்கா துடுப்புப் போட, வெள்ளை கேன் அருகே படகு நின்றது. தண்ணீர்மேல் பனிமூட்டம் படிந்திருந்தது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

டக். டக்.

படகின் அடிப்பலகையில் சத்தம்.

அக்கா தன்னையறியாமல் எழுந்துவிட்டாள். படகு ஆடியது.

"என்னக்கா? கவுத்துடப் போற."

"உனக்குக் கேக்கலையா?"

"என்ன கேக்கல?"

அவன் தூண்டிலைப் போட்டான். போட்ட கையோடு மீன். அதை எடுத்துவிட்டு மறுபடி போட்டான். மறுபடி மீன், முன்னதைவிடப் பெரியது. ஒன்றுகூடத் துள்ளவில்லை. யாரோ கீழேயிருந்து எடுத்து எடுத்துக் கொடுப்பதுபோல் சாதுவாக மேலே வந்தன.

"எல்லாம் அம்மா புண்ணியம்!" என்றான் தம்பி.

சின்ன வயதில் குழம்புச் சட்டியில் நடுத்துண்டை ஒளித்து வைத்து அவனுக்குப் போட்ட அம்மாவின் கை அக்காவின் நினைவுக்கு வந்தது. இன்னொரு தூண்டிலை எடுத்து அவளும் போட்டாள்.

கனமாக ஏதோ மாட்டியது. இழுத்தாள்.

முள்ளில் தொங்கியது ஒரு துணி. பழைய புடவையைக் கிழித்து நாலாக மடித்தது. வருஷக்கணக்கில் தினமும் அவள் மாற்றி, அலசி, காயப்போட்ட அதே மாதிரித் துணி.

அது நனைந்திருந்தது. ஏரித் தண்ணீரால் அல்ல. வெதுவெதுவென்று இருந்தது.

டக். டக். டக்.

சீக்கிரம் மாற்று என்று அவசரப்படுத்தும் தட்டல். அக்கா துணியைத் தூர வீசினாள். செத்தும் அவனுக்கு மீன், எனக்கு மூத்திரத் துணி. அவளுக்குப் பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

"திரும்பிப் போலாம்டா. இப்பவே."

தம்பி படகின் விளிம்பில் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா..." குரல் கம்மியிருந்தது. "கீழருந்து யாரோ கண்ணுன்னு கூப்புடுறாங்க."

"கையை எடு!"

அவன் ஏற்கெனவே கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தான்.

மணிக்கட்டு போனது. முழங்கை போனது.

"புடிச்சுக்கிட்டாங்க."

அக்கா பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். படகு சரிந்து தண்ணீர் உள்ளே கொட்டியது. அவன் தோள்வரை முங்கிவிட்டான். கன்னம் தண்ணீரைத் தொட்டது. அந்தப் பிடி எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். கடைசி நாட்களில் அவள் கையை அம்மா அப்படித்தான் பிடிப்பாள். வலிக்குதும்மா என்று எத்தனை கெஞ்சினாலும் தளராது.

"விடும்மா! அவன விடு!"

பிடி தளரவில்லை.

"நான் வரேம்மா. என்னக் கூட்டிக்க."

அதற்கும் தளரவில்லை.

அவன் மூக்கு முங்கும்போதுதான் அவள் வாயில் அந்த வார்த்தை வந்தது.

"அம்மா, தண்ணி சில்லுன்னு இருக்கு. அவனுக்குச் சளி புடிச்சுக்கும்."

பட்டென்று விட்டது.

இருவரும் படகுக்குள் மல்லாந்து விழுந்தார்கள். தம்பியின் மணிக்கட்டில் ஐந்து விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அக்கா கரையை நோக்கித் துடுப்புப் போட்டாள். தான் வருகிறேன் என்று சொன்னபோது தளராத கை, அவனுக்குச் சளி என்றதும் தளர்ந்ததை நினைத்துக்கொண்டே வந்தாள். தம்பி ஈரச்சட்டையோடு காரில் ஏறிப் போனான். பிடித்த மீனை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தான். அவள் அதைக் கரையில் குழி தோண்டிப் புதைத்தாள்.

மறுநாள் அந்த இடத்துக்குத் தனியாகப் போனாள். தட்டல் இல்லை. அடுத்த நாளும் இல்லை. தொப்பிக்காரர் அங்கே சாதாரணமாக ஒரு கெண்டையைப் பிடித்து, அது போட்ட ஆட்டத்தைக் கரையெல்லாம் சொல்லிச் சிரித்தார். தைல வாடை எங்கேயும் இல்லை. விட்டது தொல்லை என்று அவள் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனாலும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்திருப்பாள்.

ஒரு மத்தியானம் தம்பி போன் செய்தான்.

"காய்ச்சல்க்கா. லீவு போட்டுட்டுப் படுத்திருக்கேன்."

"டாக்டரப் பாத்தியா?"

"பாத்தேன். அது இல்லக்கா. கண்ண மூடினா யாரோ போர்வைய இழுத்துவிட்டு காலுக்கடியில செருகுறாங்க. தரையெல்லாம் ஈரம். வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன்..."

பேசப் பேச அவன் குரல் தூக்கத்தில் அமிழ்ந்தது. பிறகு மூச்சு மட்டும் கேட்டது. போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"அவன் தூங்கட்டும். போனை வை."

வாய் குழறவில்லை. படுக்கையில் விழுவதற்கு முன்பிருந்த குரல்.

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா... நான்தாம்மா."

"தெரியுது. வை."

எதிர்முனையில் ஒரு கதவை உள்பக்கமாகத் தாழ் போடும் சத்தம் கேட்டது.