அடுத்த வீட்டு உடன்மரம்

பூங்கோதை வீட்டு மரத்தில் கரும்புள்ளி விழுந்திருக்கிறது என்ற சேதி அந்த அடுக்ககத்தின் ஒன்பது மாடிக்கும் பரவிவிட்டது. பரப்பிய புண்ணியவதி பக்கத்து வீட்டு வசந்தாமணி. விடிந்ததும் பால்கனியில் நின்று ஊரார் மரங்களை ஒரு நோட்டம் விடாவிட்டால் அவளுக்குக் காபி இறங்காது.

கோவையில் உடன்மரம் இல்லாத வீடு கிடையாது. அழகுக்கென்று தொட்டியில் வளர்க்கிற இடுப்புயர மரம்தான், ஊதாப் பூ. ஆனால் அதன் விதையில் இரண்டு பருப்பு. ஒன்றை விழுங்க வேண்டும், மற்றதை மண்ணில் ஊன்ற வேண்டும். விழுங்கியது குடலில் ஒட்டிக்கொண்டு, ஊன்றியதற்கு ஆயுள் முழுக்கச் சேதி சொல்லும். ஈரல் கெட்டால் இலை மஞ்சளாகும், புற்று வைத்தால் கரும்புள்ளி விழும், மூச்சு நின்றால் ஒரே இரவில் மரம் மொட்டை. பால்கனிச் சுவரில் பதித்த மரநோக்கி எல்லாவற்றையும் பார்த்து நலவாரியத்துக்கு அனுப்பிவிடும். டாக்டர்கள் நாடி பிடிப்பதை விட்டுப் பல வருஷமாயிற்று. மனிதர் மழுப்புவார், மரம் மழுப்பாது என்பது அவர்கள் கட்சி.

பூங்கோதை தனிக்கட்டை. இட்லி மாவு ஆட்டி வீடு வீடாகக் கொடுப்பவள். அவள் மரத்தைப் பழைய சேலையால் மூடிவைத்த அன்றே வசந்தாமணி எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, மரத்துக்குச் சேலை கட்டியுட்டிருக்கற? வயசுக்கு வந்துருச்சா?"

"வெயிலுக்குங்கக்கா." பூங்கோதையின் முகம் செத்துப்போயிற்று. "எனக்கு ஒண்ணுமில்லீங்கக்கா. மாவுத் தூக்கோட ஒம்பது மாடி ஏறுறேன், மூச்சு வாங்கறதில்ல. மரத்துக்குத்தான் ஏதோ கோளாறு."

"மரமா கண்ணு பொய் சொல்லும்?"

சொல்லிவிட்டு உள்ளே போய், மரநோக்கியைச் சேலை மறைத்திருக்கிறது என்று நலவாரியத்தைக் கூப்பிட்டுச் சொன்னாள். நல்ல எண்ணம்தான், வேறென்ன. வெள்ளை வண்டி வந்து பூங்கோதையை ஏற்றிக்கொண்டு போனபோது அதே நல்ல எண்ணத்தோடு எல்லார் கதவையும் தட்டி வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டவளும் அவள்தான்.

அடுத்த மாதமே வசந்தாமணிக்கு வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்றது. சோறு கசந்தது. இரவிக்கை தொளதொளத்தது. அப்போதுதான், பன்னிரண்டு வருஷமாக மறந்தே போயிருந்த ஒரு சின்னக் காரியம் நினைவுக்கு வந்தது.

நாற்றுப் பருவத்தில் எல்லார் தொட்டியும் மொட்டை மாடியில்தான் வெயில் காயும். வசந்தாமணியின் நாற்று நூல் மாதிரி துவண்டு கிடந்தது. பூங்கோதையுடையது கட்டை விரல் பருமன். மறுநாள் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். வீட்டு நாற்றைப் பார்த்துத்தான் அவர்கள் வாய் பேசும். வசந்தாமணி இரண்டு தொட்டியின் பேர்ச்சீட்டையும் மாற்றிக் குத்திவிட்டாள். சம்பந்திகள் பாராட்டிவிட்டுப் போனார்கள். திருப்பி மாற்ற அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

டாக்டரிடம் ஓடினாள். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "நீங்களே பாருங்க. இலை தெரியாம பூத்திருக்குது. வெறும் வாயுங்கம்மா."

"என்னையக் கொஞ்சம் பாருங்களேன் டாக்டர்."

"அதான் பாத்துட்டனே," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இடையில் ஒரே ஒரு நாள் பூங்கோதையை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தலையில் முடி இல்லை. சாவியை நீட்டினாள்.

"மரத்துக்குத் தண்ணி ஊத்துங்கக்கா. அது இன்னும் கறுத்துட்டே போகுதாம். கறுக்கக் கறுக்க மருந்தைக் கூட்டறாங்க. அந்த மருந்துதானுங்கக்கா தாங்க முடியல."

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. மருந்து நின்றுவிடும், அவள் பிழைத்துக்கொள்வாள். ஆனால் அந்த மருந்து யார் உடம்புக்கு வரும்? பேர்ச்சீட்டு மாற்றியவளை வாரியம் சும்மா விடுமா? கதவைத் தட்டித் தட்டி யாரையெல்லாம் வேடிக்கைக்குக் கூப்பிட்டாளோ, அவர்களெல்லாம் வந்து நிற்பார்களே.

"ஊத்தறேங் கண்ணு," என்று சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஊற்றவும் செய்தாள். பக்கத்து வீட்டில் இலையிலையாகக் கருகிக்கொண்டிருந்த தன் உயிருக்குத் தினமும் ஒரு சொம்பு. அவள் பால்கனியிலோ பூ அடங்கவில்லை. கொத்துக்கொத்தாக, கிளை வளைய. கீழ் மாடிக்காரிகள் அண்ணாந்து படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு காலையில் கதவைத் திறந்தால் பால்கனித் தரை முழுக்க ஊதா. பூங்கோதையின் மரத்தில் ஒரு இலை இல்லை.

அழைப்பு மணி அடித்தது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர். பின்னால் நடைவழியில் ஒவ்வொரு கதவாகத் திறந்து தலைகள் நீண்டன.

"வசந்தாமணிங்கறவங்க எந்த ரூம்புலீங்க இருக்காங்க?" மூத்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மனசத் தேத்திக்குங்க. நீங்க அவிங்களுக்கு என்ன வேணும்?"

"நாந்தானுங்க வசந்தாமணி."

அவர் தன் கையிலிருந்த திரையைப் பார்த்தார். தரையில் கிடந்த பூக்களைப் பார்த்தார்.

"கடைசில இப்படித்தானுங்க வெறி புடிச்சாப்ல பூக்கும். மரம் ராத்திரியே சொல்லியிருச்சு, நீங்க போயிட்டீங்கன்னு. வாரியத்துல பதிவும் ஆயிருச்சு."

"நான் உசுரோடதான இருக்கறேன்!"

"அப்ப உங்க மரம் எங்கீங்க?"

பக்கத்து பால்கனியில், கரும்புள்ளி படர்ந்த கிளையின் நுனியில், நாலைந்து இலைகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. வசந்தாமணியின் கை தானாக முந்தானைச் சாவியைப் பிடித்தது. எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

ஸ்ட்ரெச்சரை மடக்காமல் அவர்கள் காத்திருந்தார்கள்.